ஓவனுக்குள் போன ஏழு சிப்பாய்கள்

போன வருடம் கோடையில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பவுடர் கோட்டிங் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். கதவுக் கீல், ஜன்னல் கம்பி என்று வரும் இரும்புச் சாமான்களைக் கொக்கியில் மாட்டுவது என் வேலை. அவற்றின் மேல் பெயிண்ட் பவுடரைத் தூவி, இருநூறு டிகிரி சூட்டில் இருக்கும் ஓவனுக்குள் அனுப்புவோம். பவுடர் உருகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சுரண்டினாலும் போகாது. பதினோரு வருடமாகக் கையைத் தூக்கி மாட்டிக்கொண்டே இருக்கிறேன். சாயங்காலம் பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கும்போது தோள் இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருக்கும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியே சொல்லக் கூச்சப்படுவேன். பழைய பொம்மைச் சிப்பாய்களைச் சேர்க்கிறேன். காயலான் கடைகளில் எப்போதாவது கிடைக்கும், விரல் நீளத்தில், துப்பாக்கி பிடித்தபடி. அவர்கள் நிற்பதற்காக அட்டையில் சின்னச் சின்னக் கட்டடங்கள் செய்வேன். ஒரு தபாலாபீஸ், ஒரு கலங்கரை விளக்கம், தீக்குச்சியில் பெஞ்ச் போட்ட ஒரு ரயில் நிலையம். எல்லாம் வீட்டு ஷோகேஸில் இருக்கின்றன. "ஊர்ல பொம்பளைங்க தங்கம் சேத்தா, எங்க ஊட்டு மகாராணி பட்டாளம் சேக்குது" என்பார் என் வீட்டுக்காரர். யாரோடும் அதிகம் பேச வராத எனக்கு, அவற்றின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் உடம்பு அசதி சற்று இறங்கும்.

ஒருநாள் என் செல்போனில் இருந்த அந்த ஷோகேஸ் படத்தை எங்கள் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே ஏழு சிப்பாய்கள், பெயிண்ட் உதிர்ந்து கிடந்தன.

"எங்க நைனாவோடது மா. பக்கவாதம் வந்து வலது கை பாதி உழுந்துபூட்ச்சி. வெரலுக்குப் பயிற்சி குடுன்னு டாக்டர் ரப்பர் பந்து குட்த்தாரு. அத்த தூக்கி வீசுறாரு. இவனுங்கள மட்டும் புட்ச்சி நவுத்துறாரு. பெயிண்டு கையோட வருது, அதே கையால சோறு துன்றாரு. போகாத மாதிரி ஒரு கோட்டிங் குட்த்துடு. ஞாயித்துக்கெழம ஊட்டாண்ட கொண்ணாந்துடு. லேட்டாச்சின்னா மனுசன் ஒரே பேஜாரு."

போகாத கோட்டிங் என்றால் எங்கள் தொழிலில் ஒன்றுதான். பிரஷ், வார்னிஷ் எதுவும் என் புத்திக்கு வரவில்லை. பக்கத்தில்தான் ஓவன் பார்க்கிறவர் இருந்தார். இது ஈயம், சூடு தாங்குமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பொம்மையைக் காட்டினால் சிரிப்பார்களே என்று வெட்கம். சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது, ஏழு பேர் மேலும் பச்சை பவுடரைத் தூவி, கீல்களுக்கு நடுவே மாட்டி ஓவனுக்குள் அனுப்பினேன்.

வெளியே வந்தபோது ஏழு கொக்கியும் காலியாக இருந்தன. ஓவன் ஆறிய பிறகு உள்ளே பார்த்தேன். அடித்தட்டில் கைப்பிடி அளவுக்கு ஒரு கட்டி கிடந்தது. ஒரு தொப்பியும் ஒரு பூட்ஸும் மட்டும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் கம்பி மாதிரி ஈயமும் வெள்ளீயமும் கலந்த வார்ப்பு அது. இருநூறு டிகிரியை எங்கே தாங்கும்?

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் என் ஷோகேஸிலிருந்து, பார்க்க அதே மாதிரி இருந்த ஏழு பேரை எடுத்து டப்பாவில் வைத்தேன். புதுப் பெயிண்ட் என்று நினைத்துக்கொள்வார்கள், அண்ணாவின் அப்பா வயதான பெரியவர், அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று கணக்குப் போட்டேன். அந்தக் கட்டியைக் குப்பையில் போட மட்டும் மனம் வரவில்லை. பையிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெரியவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். மடியில் ஒரு தட்டை வைத்து, சிப்பாய்களை அவர் பக்கமாக நிறுத்தினார் அண்ணா. பெரியவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வலது கையால் ஒன்றைப் பிடித்துத் தட்டின் எதிர் ஓரத்துக்குத் தள்ளினார். அடுத்தது, அதற்கடுத்தது. ஏழையும் தள்ளி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

"இவனுங்க எதிரி" என்றார் குழறலாக.

"இன்னா நைனா, நம்ம ஆளுங்கதான். பெயிண்டு அட்ச்சிகீது" என்றார் அண்ணா.

"எம் பசங்க எங்க?"

அண்ணாவின் மனைவி சிப்பாய்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாதி விளையாட்டாகத்தான் கேட்டார், "ஏம்மா, எங்க மாமாவோடத யாரு சுட்டது?"

எங்கள் பக்கம் சுட்டது என்றால் திருடியது. அண்ணா தலையைக் குனிந்துகொண்டார். நான் இப்படிப்பட்ட பொம்மைகளைச் சேர்க்கிறவள் என்பது அவருக்குத் தெரியும். எனக்குக் காது சுட்டது.

"நான்தான் சுட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது. "திருடல அண்ணா. ஓவன்ல வச்சி சுட்டுட்டேன்." பையிலிருந்த கட்டியை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாம்மா?" என்றார் அண்ணா.

பெரியவர் கட்டியைத் தடவினார். பூட்ஸை விரலால் தொட்டுப் பார்த்தார். "யாரு சுட்டது?" என்று அவரும் கேட்டார். அவர் கேட்டது துப்பாக்கியால் சுட்டதை.

"நான்தான் ஐயா."

என்னையே உற்றுப் பார்த்தார். இடது கையை நீட்டி, என் ஏழு சிப்பாய்கள் நின்ற ஓரத்தைக் காட்டினார். "அப்ப அங்க போயி குந்து."

அண்ணாவின் மனைவி அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். பெரியவர் கட்டியைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இன்னா பாத்துக்கினுகீற? முன்ன வா."

என் சிப்பாய் ஒருவனை நகர்த்தினேன். பெரியவர் வலது கை விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, கட்டியைப் பிடித்தார். அவருடைய ஏழு பேரும் இப்போது அந்த ஒரே கட்டிக்குள் இருந்தார்கள். மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்து என் ஆளை இடித்தார். அவன் குப்புற விழுந்தான்.

"உழுந்தான்!" என்றார் பெரியவர்.

அந்தக் கட்டிக்கு வார்னிஷ் பூசிக் கொடுத்தேன், இந்த முறை ஓவன் பார்க்கிறவரைக் கேட்டுவிட்டுத்தான். அதன் பிறகு ஒரு மாதம் அண்ணா வேலையைத் தவிர வேறு பேச்சு என்னிடம் பேசவில்லை. பெரியவருக்குக் கை முழுதாக வரவில்லை, தானாக இரண்டு விரல்தான் மடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்கலாம் என்று தோன்றும்போதும், முடிந்த வாரங்களில் எழுந்து பெரியவரோடு விளையாடப் போய்விடுகிறேன். உன்னை மன்னித்துவிட்டோம் என்று அந்த வீட்டில் இன்றுவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் நான் அசந்துபோய் உள்ளே நுழையும்போது எதிரிப் பக்கத்தில் எனக்கென்று ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறது, என் தகுதிக்கு அது அதிகம் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டு உட்காருகிறேன்.