அவர் பெயரில் துடித்த நெஞ்சு

தாழக்குடி அழகியநாயகி முப்பத்தொரு வருஷம் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள். மாதம் ஒருமுறை பிள்ளைகளைத் தராசில் உட்காரவைத்து எடை பார்ப்பாள். சுவரோரம் நிறுத்தி உயரம் அளப்பாள். எந்தப் பிள்ளை இளைத்திருக்கிறதோ அதன் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வருவாள். மகள் கிருஷ்ணப்ரியாவைப் பெற்றெடுத்தபோது ஆஸ்பத்திரியில் படுத்ததோடு சரி, அதற்குப் பிறகு தனக்கென்று ஒரு டாக்டரைப் பார்த்ததில்லை.

கணவர் கைலாசநாதன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்றரை ஏக்கர் வயலும் உண்டு. போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து நாகர்கோவிலில் ஸ்டென்ட் வைத்தார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் கிருஷ்ணப்ரியா பொங்கலுக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒரு வாட்ச் வாங்கி வந்தாள். நாடித்துடிப்பு, தூக்கம், நடை எல்லாவற்றையும் அளக்கிற வாட்ச். அதை அப்பாவின் போனோடு சேர்த்துவிட்டு, தன் போனிலும் அதே ஆப்பைப் போட்டுக்கொண்டாள். அங்கே இருந்தே அப்பாவின் துடிப்பைப் பார்க்கலாம்.

கைலாசநாதன் நாலு நாள் கட்டினார். ஐந்தாம் நாள் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டார்.

"கையில வெலங்கு போட்ட மாதிரி இரிக்கு. எனக்கு வேண்டாம்."

அன்றைக்கு மத்தியானமே மகள் கூப்பிட்டாள். "அம்மா, அப்பா இன்னைக்கு ஒரு அடிகூட நடக்கல. நாடியும் காட்ட மாட்டேங்குது. என்ன செய்யாங்க?" குரலில் அழுகை இருந்தது.

"குளிக்கதுக்குக் கழத்தி வச்சிருக்காங்க மக்கா," என்றாள் அழகியநாயகி. போனை வைத்ததும் வாட்சை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள். "பாவம் பிள்ளை, அங்க கெடந்து வெப்ராளப்படுகா. ஆரு கட்டுனா என்ன?"

அவர் சிரித்தார். "உன் இஷ்டம்."

இப்படித்தான் தொடங்கியது. காலையில் வீட்டு வேலை, பிறகு கோயில், கடை, வயலில் களை எடுக்கிற பெண்களுக்குச் சாயா என்று அவள் நடந்துகொண்டே இருப்பவள். "அப்பா எட்டாயிரம் அடி நடந்திருக்காங்க, கொள்ளாம்," என்று மகள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்துக்காகவே அழகியநாயகி சில நாள் கோயிலை இன்னும் ஒருதடவை சுற்றி வந்தாள்.

மாசி மாதத்திலிருந்து அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு படபடப்பு. கைக்குள் பிடித்த கோழிக்குஞ்சு துள்ளுவதுபோல் கொஞ்சநேரம் துள்ளிவிட்டு அடங்கிவிடும். வயசு அறுபத்தொன்று ஆகிறதே, களைப்பாக இருக்கும் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

சித்திரையில் ஒருநாள் ஆப் எச்சரிக்கை கொடுத்தது. இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது, மருத்துவரைப் பாருங்கள் என்று மகளின் போனில் வந்தது. அவள் பதறிப்போய், அப்பாவை அப்போதே நாகர்கோவிலுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். போனார்கள். போகிற வழியில் வாட்ச் அவர் கைக்கு மாறியது. இ.சி.ஜி., எக்கோ எல்லாம் அவருக்கு எடுத்துப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல, ஸ்டென்ட் நல்லா இருக்கு," என்றார் டாக்டர். "இந்த வாட்ச் எல்லாம் சில நேரம் தப்பாவும் காட்டும். பயப்படாதீங்க."

அழகியநாயகி பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்து ஏதும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மெதுவாகக் கேட்டாள். "அது எங்கையில கெடந்தப்பம்லா அடிச்சுது?"

"வாச்சு கோளாறுன்னு டாக்டரு சொன்னாருல்லா? ஏட்டி, இப்பம் போயி அவகிட்ட, நாங்க உன்ன ஏமாத்துனோம்னு சொல்லணுமா?"

மகள் எவ்வளவு நொந்துபோவாள் என்று அவளுக்குத் தெரியும். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

வாட்ச் மறுபடி அவள் கைக்கே வந்தது. எச்சரிக்கை அதன்பிறகு மூன்று தடவை வந்தது. டாக்டரே தப்பு என்று சொன்ன பிறகு ஒவ்வொரு தடவையும் பயந்து சாக முடியாது என்று கிருஷ்ணப்ரியா ஆப்பில் அதை அணைத்துவைத்தாள்.

ஆடி மாதம் ஒரு காலை, எட்டரை மணி இருக்கும். அவியலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து மூடி நழுவி உருண்டது. கைலாசநாதன் வந்து பார்த்தபோது சுவரில் சாய்ந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மயக்கம் என்று நினைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். அது கடைவாயில் வழிந்தது. பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் பிரஷர் என்று சொல்லி மத்தியானம்வரை டிரிப் ஏற்றினார்கள். அயல்வீட்டு வைகுண்டராஜன் வந்து பார்த்துவிட்டு, "இது அதில்ல, இப்பமே டவுணுக்குக் கொண்டு போணும்," என்று தன் ஆட்டோவில் ஏற்றினான். நாகர்கோவில் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

"நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போட்டுப் பாத்திருக்கலாம்," என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. பிறகு இ.சி.ஜி. தாளைக் காட்டிக் கேட்டார். "இவங்களுக்கு நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கில்லாம இருக்கே, எவ்வளவு நாளா இப்படி? அதுலதான் ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கு. முன்னமே தெரிஞ்சிருந்தா மாத்திரை குடுத்திருக்கலாம். யாரும் கவனிக்கலியா?"

நர்ஸ் அழகியநாயகியின் கையிலிருந்த வாட்சைக் கழற்றிக் கைலாசநாதனிடம் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் மகள் வந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் போனை எடுத்து ஒவ்வொரு மாதமாகப் பின்னால் தள்ளிப் பார்த்தாள்.

"நடந்தது, தூங்குனது, எல்லாம் அம்மாவா?"

"ஆமா மக்கா."

"சித்திரையில அடிச்சது?"

"அதும் அம்மைக்குத்தான்."

போனைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டு அவள் சொன்னாள். "அதுக்கு அப்புறமும் அடிச்சிருக்கும்பா. நாந்தான் அணைச்சு வச்சேன்."

இரண்டு மாதம் கூட இருந்து பார்த்துவிட்டு, விடுப்பு தீர்ந்ததும் கிருஷ்ணப்ரியா போய்விட்டாள். தினமும் கூப்பிடுகிறாள். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தீர்களா, படுக்கைப்புண் ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்பாள். வேறு பேச்சு அப்பாவுக்கும் மகளுக்கும் இடையில் இல்லை.

அழகியநாயகிக்கு வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ மிஞ்சியிருக்கிறது. 'போட்டு.' விடு, போகட்டும் என்று இந்தப் பக்கத்தில் சொல்கிற சொல். பசித்தாலும் அதுதான், படுக்கை நனைந்தாலும் அதுதான். உடற்பயிற்சி கொடுக்க வரும் ஷிஜின் முதலில் தினமும் வந்தான். போன மாதம், "இனி வாரத்துல ஒருக்க வந்தா போரும் மாமா," என்றான். ஏன் என்று கைலாசநாதன் கேட்கவில்லை.

கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்ட ஒரு மத்தியானத்தில் அவர் கேட்டார்.

"உனக்கு எம்மேல கோவம் உண்டுமா, பிள்ளே?"

அவள் அவரைப் பார்த்தாள். "போட்டு," என்றாள்.

அவர், "இன்னும் கொஞ்சம் கஞ்சி தரட்டா?" என்று கேட்டார். அதற்கும் "போட்டு" என்றாள்.

கிண்ணத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.