கழுவுகிற பக்கமும் கழுவிய பக்கமும்

பல் கிளினிக்கில் கருவிகளைக் கழுவி, ஆவியில் அவித்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் ஒரு சங்கடம் உண்டு: ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே நடக்காது, அதனால் செய்தது யாருக்கும் தெரியாது. அடுத்தவர் வாய்க்குப் போகும் சாமானுக்குப் பொறுப்பாக இருப்பவர்களே, உங்களுக்காவது என் கவலை புரியும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மராட்டி பேசும் ஊருக்குப் பிழைக்க வந்து, போபோடியிலிருந்து தினமும் வாகட்டில் இருக்கும் கிளினிக்குக்குப் போய் வருகிறேன். எங்கள் கோயம்புத்தூர்க்கார டாக்டரம்மா புது இடத்துக்குக் கிளினிக்கை மாற்றியபோது நான் கேட்டது ஒன்றுதான். அழுக்குத் தட்டு ஒரு வாசலில் வரட்டும், அவித்த தட்டு வேறு வாசலில் போகட்டும், நடுவில் ஒரு சுவர் வேண்டும். காமாலைக்காரர் வாயில் போய் வந்த தட்டும் அடுத்தவர் தட்டும் உரசிக்கொள்வதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. டாக்டரம்மாவும் சரி என்றார்.

பச்சைக் கோடு

உள் அலங்காரம் செய்ய வந்த பையன் கொண்டை போட்டிருந்தான். சுவர் வைத்தால் வெளிச்சம் போய்விடும், போட்டோவில் இடம் சின்னதாகத் தெரியும் என்றான். சுவருக்குப் பதில் தரையில் ஒரு பச்சைக் கோடு போட்டான். இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தமாம்.

"கிருமி கோட்டைத் தாண்டாதா தம்பி?" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன்.

"அரே ஆன்ட்டி, மெட்ரோவில மனுஷங்களே மஞ்சக் கோட்டைத் தாண்டாம நிக்கிறாங்களே!"

அக்னி மூலை

அடுத்து டாக்டரம்மாவின் மாமியார் ஊரிலிருந்து வந்தார். அவிக்கிற மெஷின் நெருப்புச் சாமான், அது தென்கிழக்கு மூலையில்தான் இருக்க வேண்டும் என்றார். அந்த மூலையில் ஏற்கெனவே அழுக்குத் தட்டு கழுவும் தொட்டி இருந்தது. டாக்டரம்மா ஒரு வாரம் படம் வரைந்து விளக்கிவிட்டு, வீட்டு நிம்மதிக்காக விட்டுக்கொடுத்தார். மெஷின் தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"கழுவுற தண்ணி அவிச்ச பொட்டலத்து மேல தெறிக்குமேம்மா, கிருமிக்கு வாஸ்து தெரியுமா?" என்று மாமியாரிடம் கேட்டேன்.

"கிருமிக்குத் தெரியாட்டி போகுது கண்ணு, நமக்குத் தெரியோணுமல்லோ?"

காலி அலமாரி

மெஷின் போனதும் சுத்தமான பக்கத்து அலமாரியில் ஒரு அடுக்கு காலியானது. மறுநாள் அங்கே ரிசப்ஷன் பெண்ணின் சாப்பாட்டு டப்பா. திறந்தால் உசல் என்று இந்த ஊரில் சொல்லும் பட்டாணிக் குழம்பு. நான் போட்ட சத்தத்தில் நாற்காலியில் இருந்தவர் வாயை மூடிவிட்டார்.

என்னை மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் அவள் கொஞ்சமும் அசரவில்லை. "மாவ்ஷி, சுத்தமான பக்கம்னு நீங்கதானே சொன்னீங்க? சாப்பாட்டை அழுக்குப் பக்கமா வைப்பாங்க?"

மாமியாரின் கடைவாய்ப் பல்

அதே மாமியாருக்குக் கன்னம் வீங்கியது. சுவர் இல்லாததால் நாற்காலியில் சாய்ந்தபடியே எல்லாம் தெரியும். முந்தின ஆளின் தட்டை, ரத்தப் பஞ்சும் எச்சிலுமாக, கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தேன். கை கழுவி, வேறு கையுறை போட்டு, தொட்டிக்குப் பக்கத்து மெஷினிலிருந்து அவருக்கான பொட்டலத்தை எடுத்தேன்.

அவர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "அந்த எச்சத் தட்டுப் பக்கத்துல இருந்தா என்ற வாய்க்கு எடுக்கறே?"

"ஆமாம்மா, வேற இடம் இல்லையே."

டாக்டரம்மா ஊசியும் கையுமாக நின்றார். மாமியார் கழுத்துத் துணியைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினார்.

"செவுரு கட்டற வரைக்கும் இந்தப் பல்லு வலிச்சுட்டே கெடக்கட்டும்!"

அந்த வாரமே தொட்டிக்கும் மெஷினுக்கும் நடுவில் சுவர் எழும்பிவிட்டது. இப்போது என் கவலையெல்லாம் மாமியார் அதில் சாமி படம் மாட்ட எத்தனை ஆணி இறங்கப் போகிறதோ என்பதுதான்.