செல்வராஜ் எஞ்சினை எரிக்கவில்லை

வியாழக்கிழமை காலை தேநீரை ஊற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. என் வயதில் அதை எடுக்கவே அலுப்பாக இருக்கிறது. நல்ல செய்திக்கு இப்போது யாரும் அழைப்பதில்லை, படம் அனுப்பிவிடுகிறார்கள். பேசியது செல்வராஜின் மகள் நிர்மலா. "டீச்சர், அப்பா போயிட்டாருங்க" என்றாள். தெல்தோட்டையில் பஸ்ஸுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவர் வீட்டுக்கு ரோட்டிலிருந்து எழுபது படி ஏற வேண்டும். என் முழங்கால்கள் பத்துப் படிக்கு மேல் சம்மதிப்பதில்லை. மலர் வளையம் மட்டும்தான் போனது.

நமது ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தில் அவரை அறியாதவர் யாரும் இல்லை. என் கணவர் விட்டுச்சென்ற டபள் கெப் வண்டியை அவர்தான் பதினான்கு வருடங்கள் ஓட்டினார். முன்னால் நம்மையும் பின்னால் நமது கதிரைகளையும் சாப்பாட்டுப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கம்பளைக்கும் வத்தேகமவுக்கும் எத்தனை தடவை போயிருப்பார்! பெற்றோல் நிலையங்களில் மைல் கணக்கில் வரிசை நின்ற நாட்களில், வரிசை நகரும்போதெல்லாம் எஞ்சினை எழுப்பாமல், கதவைத் திறந்து தோள் கொடுத்துத் தள்ளியே போனார். ஸ்டார்ட் செய்யும் எண்ணெயில் இன்னொரு மருந்துப் பயணம் போகலாம் என்பார். நம்மில் மூன்று பேருக்கு அந்த மாதங்களில் மருந்து தவறாமல் வந்தது அப்படித்தான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறொரு சம்பவத்தை. ஒன்பது வருடங்களாக அதைச் சுமந்து களைத்துவிட்டேன்.

அந்தப் பங்குனி மாதம் கண்டியில் வெயில் பொறுக்க முடியாமல் இருந்தது. வத்தேகமவில் எங்களுக்கு ஒரு சிறிய மிளகுத் தோட்டம் உண்டு. அங்கே போய் வண்டியை நிறுத்தியதும் அடியிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பியது. வீட்டுக்கு வந்து நிறுத்தியபோதும் அதுவே. செல்வராஜ் வண்டி ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டரைத் திறந்து பார்த்தார். தண்ணீர் குறையவில்லை. ஒரு கராஜில் காட்டினோம். ஹெட் கேஸ்கட் போயிருக்கும், எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்றார்கள். என் கணவரின் தம்பி, தண்ணீர் பார்க்காமல் ஓட்டி எஞ்சினை எரித்துவிட்டான் உங்கள் டிரைவர் என்று தீர்ப்பே சொன்னார். நான் அதை நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை, சொல்லவும் தொடங்கினேன்.

செல்வராஜ் இரண்டு நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்று, "டீச்சர், நான் தனியா ஓட்டுறப்ப ஆவி வர்றதில்லீங்க. நீங்க ஏறினாத்தான் வருது" என்றார்.

"அப்ப என்ர பாரத்திலயோ ஆவி வருது?" என்று கேட்டேன்.

"அப்படி இல்லீங்க. நடக்கிறதச் சொன்னேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. நாளையிலிருந்து வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கெஞ்சவில்லை. போவதற்கு முன் ஒரே ரோட்டில் இரண்டு தடவை தன்னோடு வரும்படி கேட்டார். அதன் பிறகு சாவியைத் தந்துவிட்டுப் போவதாகச் சொன்னார்.

முதல் தடவை ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, அம்பிட்டிய வரை ஏறித் திரும்பினோம். வாசலில் நிறுத்தினார். ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவை அதே ரோடு, அதே வேகம், ஏசி மட்டும் போட்டிருந்தது. நிறுத்தியதும் ஆவி வந்தது. அவர் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஏசித் தண்ணீரை வெளியே விடும் ரப்பர்க் குழாய் கழன்று உள்ளே ஒதுங்கிக் கிடந்தது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீர், புகை போகும் இரும்புக் குழாயில் பட்டுச் சீறியது. அந்தக் குழாய் ஏற்றம் ஏறிக் கொதித்துப் போயிருந்தது. அவர் ஒரு துண்டு அட்டையை இடையில் நீட்டினார். சொட்டு அட்டையில் விழுந்தது, ஆவி நின்றது. பிறகு உள்ளங்கையில் நாலு சொட்டு ஏந்தி, விரலால் தேய்த்து என்னிடம் நீட்டினார். ரேடியேட்டர்த் தண்ணீர் என்றால் பச்சையாக, வழவழப்பாக இருக்கும். இது வெறும் தண்ணீர்.

தனியாக ஓட்டும்போது ஏசி போடக்கூடாது, எண்ணெய் வீண் என்பது நான் அவருக்கு இட்ட கட்டளை. அதனால்தான் நான் ஏறும்போது மட்டும் ஆவி வந்தது. கன்னியாஸ்திரிகளிடம் விஞ்ஞானம் படித்து, குளிர்ந்த டம்ளரின் வெளிப்புறத்தில் நீர் கோப்பதைக் கரும்பலகையில் வரைந்து முப்பத்திரண்டு வருடம் கற்பித்தவள் நான். என் தலைக்கு அது எட்டவில்லை.

"நாளைக்கு வாரும்" என்றேன். மன்னிப்பு என்று என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "வர்றேங்க டீச்சர். ஆனா நான் எஞ்சினை எரிச்சேன்னு எத்தனை பேருக்குச் சொன்னீங்களோ, அத்தனை பேருக்கும் இல்லைன்னு சொல்லிடுங்க. டிரைவருக்கு வேற என்னங்க இருக்கு?"

சொல்வதாக ஒப்புக்கொண்டேன். குழாயை ஒரு கிளிப் போட்டு இறுக்கிவிட்டுப் போனார்.

கணவரின் தம்பிக்கு அன்றைக்கே சொன்னேன். அடுத்த நாள் ஹாஜியாரிடம் போனேன். அவர் எங்கள் சந்தியில் பாடசாலை வான்கள் வைத்திருந்தவர். செல்வராஜைக் காலை ஓட்டத்துக்கு எடுக்க நினைத்து என்னிடம் விசாரித்தபோது, எஞ்சினை எரித்த ஆள் என்று சொல்லியிருந்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை ஹாஜியார் கேட்டுக்கொண்டிருந்தார். "டீச்சர், உங்கட பேச்ச நம்பித்தானே வேற ஆளப் போட்டேன். இப்ப அந்த மனுஷன எப்படிப் போகச் சொல்ற?" என்றார். அவர் கேட்டது நியாயம். நிர்மலாவின் டியூஷனுக்கு என்று செல்வராஜ் எதிர்பார்த்திருந்த வேலை அது. அதைப்பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மீதி இருந்தது நீங்கள். நமது மாதக் கூட்டத்தில் அந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவள் நான்தான். என் டிரைவர் எஞ்சினில் இட்லி அவிக்கிறார் என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். அன்றிலிருந்து அவர் 'இட்லி' ஆனார். "இட்லி, கதிரையெல்லாம் ஏத்தியாச்சா?" "இட்லி, மெதுவாப் போங்க, அவிஞ்சிடும்." உங்களில் யாரும் கெட்ட மனதோடு கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தில் திருத்திச் சொல்ல எழுந்தேன். செயலாளராக அறிக்கை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கடுத்த கூட்டத்திலும் அப்படியே. பிறகு அந்தப் பெயர் பழகிப்போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் நிர்மலா சான்றிதழ்களில் என் கையெழுத்து வாங்க வந்திருந்தாள். வாசலில் யாரோ அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டார்கள். உங்களை ஏன் அப்படிக் கூப்பிடுறாங்க என்று மகள் கேட்டாள். "டீச்சர்மாருக்குப் பசி வந்தா என் ஞாபகம் வருதாம்மா" என்றார் செல்வராஜ். அவள் சிரித்தாள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நிர்மலா இன்று ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். இந்தச் செய்திமடலை அவளுக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

செல்வராஜிடமிருந்து என்னிடம் இருப்பது அவர் என்னிடம் வைத்த ஒரே வேண்டுகோள்தான். அதை இன்று முடிக்கிறேன். அந்த வண்டியின் எஞ்சினுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. தண்ணீர் பார்க்காமல் அவர் ஒருநாளும் ஓட்டியதில்லை. நான் சொன்னது பொய். என்னிடமிருந்து கேட்டு நீங்கள் யாருக்காவது சொல்லியிருந்தால், தயவுசெய்து அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். அவருக்குக் காது கேட்கும்போதே இதைச் சொல்ல எனக்கு ஒன்பது வருடம் இருந்தது.