பெருசு பண்ண ஒரு படம்

எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. காலையிலிருந்து மாலை வரை வருகிறவர்களிடமெல்லாம் “மூச்சை இழுத்துப் பிடிங்க… ம், விடுங்க” என்று சொல்லிச் சொல்லியே பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு மூச்சக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. வரவேற்பு மேஜையில் இருக்கும் பெண்ணுக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியவே தெரியாது. அவளும் சொல்ல மெனக்கெடவில்லை.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில் மோட்டார் அறைக்குள் பகல் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்துவிட்டு வருவான். கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அவர்கள் வீட்டில் மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசியவர் மாமியார்தான். பக்கவாதம் வந்தபோது அவருக்குக் கையும் காலும் ஒரு பக்கமாக விழுந்தன. வாய் மட்டும் விழவில்லை. “ஆண்டவன் அவசரத்துல வந்துட்டான் போல, முக்கியமானதை மறந்து விட்டுட்டுப் போயிட்டான்” என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

படுத்த படுக்கையாகி ஆறேழு மாதத்தில் இடுப்புக்குக் கீழே புண் வந்தது. முதலில் சிவப்பு. பிறகு தோல் உரிந்தது. பிறகு ஒரு குழி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், போய்வருகிற குலுக்கலிலேயே புண் பெரிதானது. “இங்கே அலைய விடாதீங்க. கட்டு மாத்தும்போது ஒரு படம் எடுத்து அனுப்புங்க, நான் பார்த்துச் சொல்றேன்” என்றார் டாக்டர்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. அவன் தாயின் தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து ஒருக்களித்துத் திருப்பிப் பிடித்துக்கொள்வான். அவள் பஞ்சை எடுத்துப் போட்டு, உப்புத் தண்ணீரில் கழுவி, புண்ணுக்குப் பக்கத்தில் சின்ன பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை வைத்து அவன் போனில் படம் எடுப்பாள். அவள் போனில் கேமரா மட்டம். ஸ்கேல் வைப்பது அவள் தொழில் பழக்கம். அளவு தெரியாத படம் படமே இல்லை என்பாள்.

மாமியாருக்கு இதில் தீராத கோபம். “மூஞ்சியை எடுக்க ஒரு ஆளில்லை. பின்பக்கத்தை எடுக்க மட்டும் புருஷனும் பொண்டாட்டியும் வரிசையில நிக்கிறீங்க. டாக்டர் என்ன, வீட்டுல மாட்டப் போறாரா?”

புண் ஆறியது. ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது, ஆனால் ஆறியது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஒரே வாரத்தில் மாமியார் போய்விட்டார்.

வாடகைக் கட்டிலைக் கடைக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். சக்கரம் தேய்த்த தடம் தரையில் நின்றது. வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து என்ன பேச வேண்டும் என்று யோசித்தார்கள். சோறு வேண்டுமா, கதவு பூட்டியாச்சா, அவ்வளவுதான் வந்தது. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். அதற்கும் வழியில்லை.

சில மாதம் கழித்து அவன் சொன்னான்: “ஊருக்கு அந்தப் பக்கம் பெரிய வேலை வந்திருக்கு. போக வர கஷ்டம். அங்கேயே ஒரு ரூம் எடுத்துக்கிறேன்.”

“சரி” என்றாள்.

பெட்டியை அவள்தான் அடுக்கிக் கொடுத்தாள். என்ன நடக்கிறது என்று இருவருக்கும் தெரிந்தது. வலி இருக்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தாள். பல் பிடுங்க மரத்துப்போக ஊசி போட்ட பிறகு உதடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது மாதிரி இருந்தது.

நாத்தனார்தான் மறுபடி இருவரையும் ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட வைத்தார். அவர் வெளியூரில் இருந்தார். “அம்மா போட்டோ ஒண்ணு பெருசு பண்ணி மாட்டணும். என்கிட்ட இருக்கிறதெல்லாம் கூட்டத்துல நிக்கிறது, கல்யாணத்துல எடுத்தது. உங்ககிட்டதான் கடைசி வரைக்கும் இருந்தாங்க, நல்லதா ஒண்ணு இல்லாமலா இருக்கும்?” என்று தம்பியிடம் கேட்டிருக்கிறார். அதே சமயம் அவன் போனும் வயிறு உப்பி, பின்பக்க மூடி எழும்ப ஆரம்பித்திருந்தது. பேட்டரி வீங்கிவிட்டது, உள்ளே இருப்பதைச் சீக்கிரம் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இதை நம்பாதீர்கள் என்று ரிப்பேர் கடையில் சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டர் அவள் வீட்டில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். வாசலில் நின்று காலிங் பெல் அடித்தான். சாவி அவனிடமும் இருந்தது.

“சாப்பிட்டீங்களா?”

“வரும்போதே ஆச்சு.”

கம்ப்யூட்டர், கட்டில் கிடந்த அறையில் ஜன்னல் ஓரமாக இருந்தது. அவன் பையிலிருந்து ஒயரை எடுத்துச் சொருகினான். போன் சார்ஜ் ஏறுவதாகக் காட்டியது. கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. வேறு ஓட்டையில் சொருகினார்கள். அப்போதும் அப்படியே.

“இது வெறும் சார்ஜ் ஒயர். கரண்ட் போகும், படம் போகாது” என்றான்.

“வாட்ஸ்அப்ல அனுப்பிட முடியாதா?”

“அதுல போனா தேய்ஞ்சு போய்தான் வரும். பெருசு பண்ணினா மங்கிடும். அக்கா ஒத்துக்காது.”

அவள் கீழ்வீட்டுத் தையற்காரம்மாவிடம் ஒயர் கேட்கப் போனாள். தையற்காரம்மா ஒயரைத் தேடியதைவிட மாடிப்படியைப் பார்த்ததுதான் அதிகம்.

“தம்பி வந்திருக்காப்லயே. தங்குவாரா?”

“போட்டோ மாத்த வந்திருக்காரு அக்கா.”

“ஓ” என்று ஒயரைக் கொடுத்த தையற்காரம்மா, “மெதுவாவே கொண்டா, அவசரமில்லை” என்றார்.

இந்த ஒயருக்குக் கம்ப்யூட்டர் சத்தம் கொடுத்தது. திறந்து பார்த்தால் உள்ளே காலி.

“லாக்கை எடுங்க. பூட்டி இருந்தா உள்ளே விடாது.”

கோடு இழுத்துத் திறக்கும் பூட்டு. அந்தக் கோடு அவள் விரலுக்கும் தெரியும். இருந்தாலும் போனை அவன் பக்கம் தள்ளினாள். அவன் திறந்து, திரையை மேலிருந்து கீழே இழுத்து, சார்ஜ் மட்டும் என்று இருந்ததை ஃபைல் மாற்றுவதற்கு என்று மாற்றினான். இப்போது உள்ளே கேமரா என்றொரு கோப்புறை தெரிந்தது. அவள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, கம்ப்யூட்டரில் புது உறை ஒன்றில் ஒட்டினாள். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. முடிய இரண்டு மணி நேரம் என்றது. உடனே பத்து நிமிடம் என்றது. மறுபடி ஒரு மணி நேரம் என்றது.

“என் சூப்பர்வைசர் மாதிரி” என்றான்.

அவள் தலையாட்டினாள். முன்பென்றால் சிரித்திருப்பாள் என்று அவளுக்கே தோன்றியது.

மோட்டார் சூட்டைப் பார்ப்பது போல அவன் உள்ளங்கையைப் போனின் முதுகில் வைத்துக்கொண்டே இருந்தான். பாதியில் “போதும், கழட்டு” என்றான். கழற்றி, மின்விசிறிக்கு அடியில் கொஞ்ச நேரம் வைத்து, மறுபடி சொருகினார்கள். இதே பெயரில் படம் ஏற்கெனவே இருக்கிறதே, மாற்றட்டுமா, தாண்டட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. தாண்டச் சொன்னாள். இப்படி விட்டு விட்டு ஏற்றி முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது. அவள் இரண்டு பக்கத்து எண்ணிக்கையையும் ஒத்துப் பார்த்தாள்.

உறையைத் திறந்தால் எல்லாப் படத்துக்கும் இன்றைய தேதி. முன்னும் பின்னும் கலந்து கிடந்தன. ஆறிய தோலுக்குப் பக்கத்தில் ஆழமான குழி, அதற்குப் பக்கத்தில் ஏதோ லிஃப்டின் அறுந்த கம்பி வடம், மாத்திரை அட்டை, மறுபடி குழி. எடுத்த தேதி வாரியாக வரிசைப்படுத்து என்று ஒரு இடத்தில் அழுத்தினாள். குலுங்கி அடங்கி, எல்லாம் அதனதன் இடத்தில் போய் நின்றன.

“முகமே இல்லையே” என்றான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு.

“நாம எடுக்கலை.”

“ஒண்ணு கூடவா?”

“பார்த்துட்டே வாங்க.”

அவள் கீழே உருட்டிக்கொண்டே போனாள். புண், ஸ்கேல், புண், ஸ்கேல். சிவப்பு மங்கி இளஞ்சிவப்பானது. ஓரம் உள்ளே நகர்ந்தது. ஸ்கேலில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இதை ஒன்றாக வைத்து இருவருமே பார்த்ததில்லை. அன்றன்றைக்கு அனுப்பியதோடு சரி.

“ஆறிடுச்சு இல்ல” என்றான்.

“ஆறிடுச்சு.”

நடுவில் ஒன்று படமில்லை, வீடியோ. அவசரத்தில் மாற்றி அழுத்தியிருக்கிறாள். அவள் அதைத் தாண்டிப் போகப் பார்த்தாள். “போடு” என்றான்.

சுவர் தெரிந்தது. மின்விசிறியின் நிழல் சுற்றியது. மாமியாரின் குரல்: “என்னடா இந்த முக்கு முக்குற? லிஃப்டைத் தூக்குறவன் என்னைத் தூக்க முடியலையா?” அவன் முதலில் ஏதோ முனகினான், பிறகு தெளிவாகவே சொன்னான்: “லிஃப்டு வாயைத் திறந்தா கதவு மட்டும்தான்மா தொறக்கும்.” பிறகு மூன்று பேரும் சிரிக்கும் சத்தம். மாமியாருக்கு இருமல் வந்தது. கேமரா கீழே சாய்ந்து தரையைக் காட்டி நின்றுவிட்டது.

“நீ சிரிச்சிருக்க” என்றான்.

“ஆமா.”

“எனக்கு ஞாபகமே இல்லை.”

“எனக்கும்தான்.”

மறுபடி போட்டார்கள். இரண்டாம் தடவை சிரிப்பு வருவதற்கு முன்பே அது வரப்போகிறது என்று தெரிந்திருந்தது. அவள் தனக்கு அழுகை வருகிறதா என்று கவனித்தாள். ஒன்றும் இல்லை. பக்கத்தில் அவனும் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இவனுக்கும் ஒன்றும் வரவில்லை போல என்று நினைத்தாள். அதில் ஒரு நிம்மதி இருந்தது.

முகம் கடைசியில்தான் அகப்பட்டது. புண் மூடிய பிறகு எடுத்த படம். முழுசாகத் தெரியட்டும் என்று அவள் நாலடி பின்னால் தள்ளி நின்று எடுத்திருக்கிறாள். மாமியார் ஒருக்களித்தபடியே தலையை மட்டும் திருப்பி, தோளைப் பிடித்திருக்கும் மகனை நிமிர்ந்து பார்க்கிறார். எதையோ சொல்லப் போகிற முகம். கண் தெளிவாக இருந்தது.

அவள் முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு வெட்டினாள். முதலில் தோளில் இருந்த அவன் விரல்களும் சேர்ந்து வந்தன. கட்டத்தை இன்னும் கொஞ்சம் சுருக்கினாள்.

“மங்குதா?”

“இல்லை. நல்லாத்தான் இருக்கு.”

அந்தப் படத்தை முதலில் பென் டிரைவில் போட்டாள். “மத்ததெல்லாம்? அந்தப் புண்ணு படமெல்லாம் உங்களுக்கு வேணுமா?”

அவன் தரையில் இருந்த சக்கரத் தடத்தைப் பார்த்தான். “உனக்கு?”

“தெரியலை.”

“எனக்கும் தெரியலை. போட்டுடு.”

போட்டாள். அதற்கும் நேரம் பிடித்தது. அதுவரை இருவரும் தேநீர் குடித்தார்கள். கிளம்பும்போது, ஒயரை மறக்காமல் கீழே கொடுத்துவிடச் சொன்னான். தானே கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். தையற்காரம்மாவின் கேள்விக்குப் பயந்திருப்பான்.

நாத்தனார் படத்தைப் பெரிதுபண்ணிக் கூடத்தில் மாட்டினார். நன்றாக வந்திருக்கிறது என்று போன் செய்தார். “ஆனா அம்மா நம்மளைப் பார்க்காம வேற எங்கேயோ பார்க்குறாங்க. வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க, யாரைப் பார்க்குறாங்கன்னு.”

“உங்க தம்பியைத்தான் அண்ணி” என்றாள்.

“அவனையும் சேர்த்தே வெச்சிருக்கலாமே.”

“பெருசு பண்ண ஒருத்தர் போதும்னு வெட்டிட்டேன்.”

அடுத்த வருடம் இருவரும் சட்டப்படி பிரிந்தார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. காரணம் எழுதும்போது வக்கீல்தான் திண்டாடிப்போனார். அவன் இப்போது வேறு ஊரில் இருக்கிறான். எப்போதாவது உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு ஒரு வரி வரும். இவள் நன்றாக இருப்பதாகப் பதில் போடுவாள்.

கம்ப்யூட்டர் பழையதாகி மெல்ல இழுக்க ஆரம்பித்தது. அவள் வெளி டிஸ்க் ஒன்று வாங்கி வந்து, அந்த உறையைத் திறக்காமல் அப்படியே அதற்குள் நகர்த்தினாள். பச்சைக் கோடு ஒரே மூச்சில் ஓடி முடிந்தது. எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். சரியாக இருந்தது. டிஸ்கை அலமாரியில் வைத்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போட வேண்டிய வெள்ளைக் கோட்டை ஊற வைக்கப் போனாள்.