தாரி மாமா நின்ற கடைசி வாசல்

எங்கள் மேவோ தீவில் சாவுச் செய்தியைத் தாரி மாமாதான் நடந்து வந்து சொல்வார். அவர் வாசலில் நின்று பெயரைச் சொல்லும்வரை யாரும் அழக்கூடாது. முந்தி அழுதால் செத்தவன் வழி தெரியாமல் ஊருக்குள்ளேயே சுற்றுவான்.

குன்றில் டவர் வந்தபின் ஃபேஸ்புக் அவரை முந்திக்கொண்டது. நாங்களும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் வரும்வரை ஒன்றும் தெரியாதவர்கள்போல் கிழங்கு சீவுவோம். அவரிடம் போன் இல்லை. "காலு இருக்கறவனுக்கு அது எதுக்கு?" என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எல்லார் போனிலும் ஒரே படம். தலைநகரில் லாரி கவிழ்ந்து சிலாஸ் செத்துப்போயிருந்தான். தாரி மாமாவின் ஒரே மகன். செய்தி சொல்பவருக்கே செய்தி சொல்ல எங்களிடம் ஆள் கிடையாது.

மத்தியானம், ஊரார் போனுக்கெல்லாம் நான் சார்ஜ் போட்டுக் கொடுக்கும் கொட்டகைக்கு வந்தார். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போன்களெல்லாம் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தார்.

"யாரோ போயிட்டாங்க, இல்ல? எந்த வீட்டுக்குப் போகணும்னு சொல்லு மவளே."

நான் குனிந்து சார்ஜர் வயர்களின் சிக்கலை எடுக்க ஆரம்பித்தேன்.

அவர் வீடு வீடாகப் போய் நின்றார். எல்லாரும், "இங்க இல்ல மாமா" என்று தலையைக் குனிந்துகொண்டார்கள். ஊரில் மிச்சமிருந்தது ஒரே வீடு. அந்த வாசலில் நின்று, ஆளில்லாத வீட்டைப் பார்த்து, "சிலாஸ்" என்றார்.

ஊரே ஓவென்று அழுதது. எனக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. படத்தைப் பார்த்த காலையிலேயே நான் அழுது தீர்த்திருந்தேன்.

இப்போதெல்லாம் கொட்டகை வாசலில் காலடி கேட்டால், அது சிலாஸாக இருந்துவிடுமோ என்று நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.