மடத்துக்குளத்து அட்டை வைத்தியமும் எஸ்தர் அக்காவின் கணுக்காலும்

ஊட்டி, வால்பாறை என்று எழுதிக்கொண்டிருந்த இந்த வலைப்பதிவில், இந்த முறை ஓர் ஆயுர்வேத வைத்தியசாலைக்குப் போய்வந்த கதை. 2008 ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை திருப்பூரிலிருந்து மடத்துக்குளத்துக்கு ஆறு முறை போய்வந்தேன். காரணம், எஸ்தர் அக்காவின் இடது கால்.

அக்கா எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். நான் அங்கேயே ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது அவருக்கு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். தைத்த பனியனில் பிழை தேடும் செக்கிங் டேபிளில் காலை முதல் இரவு வரை நின்றேதான் வேலை. நின்று நின்று அக்காவின் காலில் நரம்பு சுருண்டு, கால் வீங்கி, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்திருந்தது. ஒருநாள் அட்டைப்பெட்டி இடித்து அங்கே ஒரு சின்னக் காயம். அது எட்டு மாதமாக ஆறாமல், உள்ளங்கையில் பாதி அளவுக்குப் புண்ணாகிவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. வாடை தெரியாமலிருக்கச் சுற்றிலும் சென்ட் அடித்துக்கொண்டு, புடவையை இன்னும் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ஜூலையில் ஒருநாள் புடவை ஓரம் ஈரமாக இருப்பதைப் பார்த்து நான்தான் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன்.

"டாக்டர்ட்ட போனா கால எடுக்கணும்னு சொல்லிருவாவ சுமதி. பொறவு நான் எப்படிப் பொழைக்க?" என்று அழுதார். பெரிய குரலில் இருபது பேரை மேய்க்கும் ஆள். 

உடுமலையில் இருக்கும் என் சித்தி, மடத்துக்குளம் பக்கத்தில் ஆயுர்வேதம் படித்த ஒரு பெண் மருத்துவர் இருக்கிறார், ஆறாத புண்ணுக்கு ரத்தம் உறிஞ்சும் அட்டையை விட்டு வைத்தியம் பார்க்கிறார் என்றார். போன் செய்தேன். அவர் முதலில் கேட்டது சர்க்கரை டெஸ்டும் காலின் ரத்த ஓட்ட ஸ்கேனும்தான். "ரிப்போர்ட்டு இல்லாம வந்தீங்கன்னா திருப்பி அனுப்பிப்போடுவேனுங்க" என்று சிரித்தபடி சொன்னார். திருப்பூரிலேயே இரண்டையும் எடுத்தோம். சர்க்கரை இல்லை. காலுக்குப் போகும் ரத்தத்தில் பழுதில்லை, திரும்பி ஏறும் ரத்தம்தான் தேங்குகிறது என்றார்கள். அக்கா அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

மின்வெட்டால் கம்பெனிக்கு லீவு விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். காலை 6.20க்குத் திருப்பூரில் பஸ். பல்லடம், குடிமங்கலம் வழியாக உடுமலைக்கு அறுபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் 19 ரூபாய். பல்லடம் தாண்டியதும் அக்காவுக்குக் கால் கடுக்க ஆரம்பித்தது. எதிர் சீட்டில் காலைத் தூக்கி வைத்தார்.

கண்டக்டர் வந்துவிட்டார். "ஏனுங்க, சனம் உக்கார்ற எடத்துல கால வெக்கலாமுங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவரே, "கால்ல புண்ணு தம்பி. எட்டு மாசமா ஆறல" என்றார். வெளியாளிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை.

கண்டக்டர் உடனே பின்னால் போய், நீளமான கடைசி சீட்டில் இருந்த இரண்டு பேரை முன்னால் அனுப்பிவிட்டு வந்தார். "அங்க போயி நல்லா நீட்டிக்கோங்கக்கா. வேகத்தடை வந்தா சத்தம் குடுக்கறனுங்க." சொன்னபடியே ஒவ்வொரு வேகத்தடைக்கும் "அக்கா, மேடு!" என்று கத்திக்கொண்டே வந்தார். பஸ்ஸே சிரித்தது. அக்காவும்தான். ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

8.10க்கு உடுமலை. அங்கே இட்லி. பழனி போகும் பஸ்ஸில் மடத்துக்குளம் அரை மணி நேரம், 6 ரூபாய். அங்கிருந்து தென்னந்தோப்புக்குள் மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 40.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். திரிபலா கஷாயத்தில் புண்ணைக் கழுவிவிட்டு, கண்ணாடி பாட்டிலிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து மஞ்சள் தண்ணீரில் போட்டார். அவை சுறுசுறுப்பாகிவிட்டன. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். புண்ணின் ஓரத்தில் முதல் அட்டையை விட்டார் டாக்டர். அது மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே.

"காலுக்கு என்னக்கா போட்டீங்க?"

"வாடை வரக் கூடாதுன்னு கொஞ்சூண்டு சென்ட்டு..."

"அட்டைக்கு அது ஆகாதுங்கக்கா!" டாக்டர் சிரித்துவிட்டுக் கால் முழுக்க மறுபடி கழுவினார். இந்த முறை மூன்றும் பிடித்துக்கொண்டன. அரை மணி நேரத்தில் விரல் கனத்துக்கு உப்பி, தாமாகவே விழுந்தன. "ஏளா சுமதி, இவ்வளவுதானா? இதுக்கா இந்தப் பயம் பயந்தேன்!" என்றார் அக்கா. கடிவாயில் மஞ்சள்தூள், புண்ணில் ஜாத்யாதி தைலம் நனைத்த துணி, விரலிலிருந்து முழங்கால் வரை கட்டு. அந்த அட்டைகளை அக்காவின் பெயர் எழுதிய தனி பாட்டிலில் போட்டார்கள், வேறு யாருக்கும் விட மாட்டார்களாம். எல்லாம் சேர்த்து 350 ரூபாய்.

இரண்டாவது முறை போனபோது வீக்கம் பெரிதாகக் குறையவில்லை. டாக்டர் யோசனையில் இருந்தார். அக்கா கட்டுத் துணியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார்.

"டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்தத் துணி பல்லடம் போறதுக்குள்ள தொளதொளன்னு ஆயிருது. பனியனுக்குக் கழுத்துல வைக்கிற லைக்ரா ரிப் எங்ககிட்ட கெடக்கு. இழுத்தா இழுவும், விட்டா பிடிக்கும். சாயம் போடாத வெள்ளையா வெட்டிட்டு வரட்டா?"

டாக்டர் கட்டுத் துணியைத் தானும் இழுத்துப் பார்த்தார். பிறகு, "கொண்டாங்கக்கா, பார்த்துப்போடலாம்" என்றார்.

மூன்றாவது முறை, உள்ளே சுத்தமான பருத்தித் துணி, அதற்கு மேலே ரிப். கால்விரல் நிறம் மாறுகிறதா, மரத்துப்போகிறதா என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார் டாக்டர். அடுத்த முறை வீக்கம் வடிந்திருந்தது, புண்ணின் ஓரங்கள் இளஞ்சிவப்பாக உள்ளே வந்திருந்தன. "இன்னும் பத்துப் பேருக்கு இந்தத் துணி வேணுமுங்க" என்றார் டாக்டர். அக்கா திரும்பி வரும் வழியெல்லாம் அகலம், நீளம், ஓரம் அடிப்பது என்று சாம்பிள் போடுகிற மாதிரி பேசிக்கொண்டே வந்தார். நவம்பர் முதல் வாரம் புண் மூடிவிட்டது. "புண்ணுதான் ஆறிச்சுங்க. நரம்பு அப்படியேதான் இருக்குது. கட்டை விட்டுப்போடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார் டாக்டர்.

நீங்கள் போவதாக இருந்தால்: முதலில் ரத்த ஓட்ட ஸ்கேனும் சர்க்கரை டெஸ்டும் எடுத்துவிடுங்கள். சர்க்கரை இருந்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ நேரே பெரிய ஆஸ்பத்திரிதான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லாமல் அட்டை விட்டுக்கொள்ளக் கூடாது. கடிவாய் சாயங்காலம் வரை கசியும், அதனால் மாற்றுத்துணி அவசியம். கிளம்பும்போது காலில் தைலம், பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம், அட்டை பிடிக்காது. ஆளுக்கு ஒரு நாளைக்குப் போக்குவரத்து, சாப்பாடு சேர்த்து 150 ரூபாய் போதும். எங்களுக்கு ஆறியது என்பதற்காக எல்லாருக்கும் ஆறும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு மாதம் ஒளித்து வைத்ததில் ஒரு பயனும் இல்லை என்பதை மட்டும் சொல்வேன்.

போன திங்கட்கிழமை டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் செக்கிங் பக்கம் போனேன். எஸ்தர் அக்கா ஒரு துணிக்கட்டின் மேல் காலை வைத்து, புடவையைத் தூக்கி, ஆறிய தழும்பை இருபது பெண்களுக்கும் காட்டிக்கொண்டிருந்தார். "வேற யாருக்கு இப்படி இருக்கு? வெக்கப்படாம சொல்லுங்க."

யாரும் அசையவில்லை. கடைசியில், டேபிள் ஓரத்தில் நின்ற காங்கேயத்துப் பெண் ஒருத்தி மெதுவாகப் புடவையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்தினாள். "எங்க ஊட்டுக்காரருக்குக்கூடத் தெரியாதுங்கக்கா" என்றாள்.

அக்கா நேரே மானேஜர் அறைக்குள் போய், ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து, அவள் நின்ற இடத்தில் போட்டு, தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நான் வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடத்தில், வேலை நேரத்தில் அந்த டேபிள் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்ததைப் பார்த்தது அன்றைக்குத்தான்.