தெல்தெனியவில் இரண்டாவது சுற்று

காலை 4.50. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் வானுக்குள் சைக்கிளை ஏற்றிக் கட்டி முடித்ததும் செல்வம் என்னைப் பார்த்துக் கேட்டது அடையாள அட்டையைப் பற்றி.

"அண்ணே, ஐடென்டிட்டி எடுத்தீங்களா?"

"ஓம், இருக்கு."

"பொலிஸ் ரிப்போட்டு?"

"வீட்டுப் பதிவுதானே, அதுவும் இருக்கு."

"அப்ப போலாம். காலு ரெண்டையும் மறந்துட்டு வந்திருந்தாக்கூட சமாளிச்சுக்கலாம்."

செல்வம் புசல்லாவையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். முப்பது வயது. பாலத்துக்கு அருகே சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். என் பழைய சைக்கிளுக்குக் கழிவுச் சாமான்களிலிருந்து மூன்று கியர் பொருத்தித் தந்தவர் அவர்தான். வானும் அவர் தனக்குத் தெரிந்தவரிடம் பிடித்தது; ஓட்டியதும் அவரே. போய்வர அறுநூறு ரூபா. நான் பருத்தித்துறைக்காரன், வயது நாற்பத்திரண்டு, கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் படவரைஞன். அன்று நாங்கள் போய்க்கொண்டிருந்தது தெல்தெனியவுக்கு. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் 750 மீற்றர் நீச்சல், மலைப்பாதையில் 20 கிலோமீற்றர் சைக்கிள், கடைசியில் 5 கிலோமீற்றர் ஓட்டம். மூன்றையும் நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டும்.

இந்த வயதில் இது என்ன கூத்து என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். போன வருடமே இதற்குப் பெயர் கொடுத்திருந்தேன். யுத்த காலம்; போட்டி நாள் விடியற்காலையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுப் பகுதியை இராணுவமும் பொலிஸும் சுற்றிவளைத்துத் தமிழர்களை ஏற்றிப்போனார்கள். பிற்பகல் இரண்டு மணிவரை பொலிஸ் நிலைய வாங்கில் குந்தியிருந்தேன், நீச்சல் காற்சட்டையை உள்ளே போட்டபடி. கண்டிக்கு வந்த ஆறு வருடங்களில் என் பெயர் எத்தனையோ பட்டியல்களில் ஏறிவிட்டது. வீட்டுக்காரர் பொலிஸுக்குக் கொடுக்கும் பட்டியல், சுற்றிவளைப்பில் எழுதும் பட்டியல், பஸ்ஸை விட்டு இறக்கி எழுதும் பட்டியல். எதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை. போட்டியை முடித்தவர்கள் என்று ஒரு பட்டியல் எழுதி ஒட்டுவார்கள் அல்லவா, அதில் என் பெயர் வர வேண்டும். இதற்காகத்தான் ஒரு வருடமாகக் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடி ஓடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

5.25. கண்டியைத் தாண்டி தென்னக்கும்புரப் பாலம். பிறகு குண்டசாலை, திகன. கட்டுகஸ்தோட்டையிலிருந்து எல்லாமாக ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். இடையில் மூன்று சோதனைச் சாவடிகள். மூன்றிலும் இறங்கினோம், அட்டையை நீட்டினோம், ஏறினோம். திகனவில் ஒரு கடையில் பிளேன்ரீ நான்கு ரூபா, பணிஸ் ஐந்து ரூபா. பணிஸ் முந்தாநாளையது. செல்வம் இரண்டு சாப்பிட்டார்.

மூன்றாவது சாவடி தெல்தெனியவுக்குக் கிட்ட, ஓர் இறக்கத்தின் அடியில் இருந்தது. மண்மூட்டைகள், குறுக்கும் மறுக்குமாகத் தார்ப் பீப்பாய்கள். அதைத் தாண்டியதும் பாதை சுவர்போல் நிமிர்ந்து ஏறுகிறது. சைக்கிள் ஓட்டம் பத்துக் கிலோமீற்றர் சுற்றாக இரண்டு முறை இந்த வழியாகத்தான் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மேட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுச் செல்வம் சொன்னார்: "கீழ வர்ற வேகத்துலயே பாதி மேட்ட முழுங்கிடணும் அண்ணே. நடுவுல நின்னீங்கன்னா, அந்த மூணு கியரும் தாங்காது."

6.30. நீர்த்தேக்கக் கரை. பழைய தெல்தெனியப் பட்டணம் இந்தத் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கிறது. கரையில் இருந்து பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியாது, மூடுபனியும் தண்ணீரும்தான். அணைக்கட்டு எங்கோ தொலைவில். அந்தப் பக்கம் நீந்தினால் சுடுவார்கள் என்று ஒருவர் பகிடி விட்டார். நான் சிரிக்கவில்லை.

போட்டிக்கு நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் தமிழன் நான் ஒருவன். போட்டியை நடத்தியவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், வெள்ளைத் தொப்பி, கணீரென்ற குரல். ஒலிபெருக்கியைப் பிடித்துச் சிங்களத்தில் விதிகளைச் சொன்னார். எனக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். எட்டு மணிக்குத் தொடக்கம். பத்து மணிவரைதான் இராணுவம் அனுமதி தந்திருக்கிறது. பத்துக்கு முடிவுக் கயிற்றை அவிழ்த்துவிடுவோம், அதன்பின் வருபவர் பெயர் பட்டியலில் ஏறாது. வீதியிலுள்ள சாவடிக்குச் சொல்லியாயிற்று, போட்டியாளர்கள் நிற்கத் தேவையில்லை, பீப்பாய்களுக்கிடையில் கவனமாக ஓட்டிப் போகலாம். இதையும் தெளிவாகக் கேட்டேன்.

கையில் 27 என்று மையால் இலக்கம் எழுதினார்கள். நான் வானுக்குப் பின்னால் போய், அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றி, மெழுகுதிரிச் சுடரில் அதன் வாயை ஒட்டி, காற்சட்டை இடுப்பின் உட்பக்கம் ஊசியால் குத்தினேன். செல்வம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணிக்குள்ளயுமாண்ணே?"

"தண்ணிக்குள்ளயும்தான்."

"மீனு வந்து கேக்குமா?"

"கேட்டால் காட்டுவன்."

8.00. விசில். நாற்பத்தொரு பேரும் ஒன்றாகப் பாய்ந்ததில் ஒருவருடைய குதிகால் என் மூக்கில் பட்டது. எங்கள் ஊர் வடமராட்சிக் கடலில் பழகியவனுக்கு நன்னீர் பிடிக்காது; ஆளைக் கீழே இழுக்கும். முதல் நூறு மீற்றரில் மூச்சு வாங்கியது. பிறகு கோபம் வந்தது, கோபத்தில் கை ஒழுங்காக விழுந்தது. 8.23க்குக் கரை. நீரிலிருந்து எழுந்ததும் என் கை முதலில் போனது இடுப்புக்கு. அட்டை இருந்தது.

8.26. சைக்கிள். கரையிலிருந்து பெருவீதிக்கு ஏறவே தொடை எரிந்தது. பிறகு ஒரு நல்ல இறக்கம். காற்று காதில் அடைக்க, வாழ்க்கையில் முதல்தடவையாகக் கண்டி மலைகளை எனக்குப் பிடித்தது என்றே சொல்லலாம். முன்னால் போன இரண்டு பையன்கள் சாவடிப் பீப்பாய்களுக்கிடையில் வளைந்து, அப்படியே மேட்டில் ஏறி மறைந்தார்கள்.

நான் இறங்கிவிட்டேன்.

ஏன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. மூளை எல்லாவற்றையும் கேட்டிருந்தது, கைகள் கேட்கவில்லை. ஊரில் எந்தச் சாவடியிலும் செய்வதுபோல, மண்மூட்டையைக் கண்டதும் பிறேக்கைப் பிடித்து, குதித்து, சைக்கிளைக் கையில் உருட்டிக்கொண்டு மூன்றடி போய் நின்றேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் அடுத்தது: அட்டையை எடுக்க இடுப்புக்குள் கையை விட்டேன். காவலில் நின்ற சிப்பாயின் துப்பாக்கி நிமிர்ந்தது. அவனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், மேலுதட்டில் வியர்வை. நான் கையை அப்படியே வைத்துக்கொண்டு, "ஐடென்டிட்டி" என்றேன். அவன் என் கையிலிருந்த 27ஐப் பார்த்தான். துப்பாக்கி தாழ்ந்தது. பிறகு சிரித்துவிட்டான்.

"யன்ன மாத்தயா, யன்ன." போங்கள் ஐயா, போங்கள்.

இதற்குள் நான்கு பேர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். நின்ற இடத்திலிருந்து அந்த மேட்டை மிதிக்கப் பார்த்தேன். செல்வம் சொன்னதுபோல மூன்று கியரும் தாங்கவில்லை. பாதி மேடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன். வெட்கமாக இருந்தது. அவன் சிரித்ததை மறந்துவிடலாம். ஒருத்தரும் சொல்லாமல் நானாக இறங்கினேனே, அதுதான் உள்ளே குத்தியது.

8.59. முதல் சுற்று முடிவு. கரை வளைவில் செல்வம் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார்.

"முப்பத்திமூணு நிமிசம். என்னா ஆச்சு?"

"இறங்கிட்டன்."

"எங்க?"

"செக்பொயின்ற்ல."

அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வேறு யாருக்குச் சொன்னாலும் விளங்கியிராது. "நானா இருந்தாலும் எறங்கித்தான் இருப்பேன்" என்றார். பிறகு, "இந்தத் தடவ எறங்காதீங்க. எறங்கினா பத்து மணிக்கு வர முடியாது" என்று கத்தினார்.

இரண்டாவது சுற்று முழுவதும் அந்த இறக்கத்தைத்தான் நினைத்துக்கொண்டு மிதித்தேன். காவல் மாறியிருந்தால்? புதிதாக வந்தவனுக்குப் போட்டியைப் பற்றி யாரும் சொல்லாமல் விட்டிருந்தால்? நிற்காமல் போனவனை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பத்திரிகையில் நான்கு வரி வரும். பட்டியலில் பெயர் வருவதற்கு இது பெறுமா என்று கேட்டுக்கொண்டேன். பெறும் என்று கால் சொன்னது.

இறக்கம் வந்தது. விரல்கள் பிறேக்கைத் தேடின. கைப்பிடியின் நடுவில், பிறேக்குக்கு எட்டாத இடத்தில், இரு கைகளையும் ஒட்ட வைத்துப் பிடித்தேன். அதே சிப்பாய். முதல் பீப்பாயை வளைக்கும்போது அவன் வலக்கை பாதி உயர்ந்தது. நிற்கச் சொல்கிறானா, போகச் சொல்கிறானா, தெரியவில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. இரண்டாவது பீப்பாய், மூன்றாவது, மண்மூட்டை. விசில் வரும், அல்லது வேறேதாவது வரும் என்று காது பின்னாலேயே கிடந்தது. ஒன்றும் வரவில்லை. வேகம் என்னைப் பாதி மேட்டுக்குத் தூக்கிக் கொடுத்தது. மீதிப் பாதியை எழுந்து நின்று மிதித்தேன். உச்சியில் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றுதான் நினைக்கிறேன்.

9.28. ஓட்டம். ஐந்து கிலோமீற்றரைப் பற்றி எழுத அதிகமில்லை. ஏற்றத்தில் நடந்தவர்களை நடந்தே முந்தினேன். இறக்கத்தில் முழங்கால் கெஞ்சியது, கேட்கவில்லை. கயிறு கண்ணில் பட்டபோது வெள்ளைத் தொப்பிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அதன் முடிச்சில் கை வைத்திருந்தார். நான் கடந்தபோது 9.58.

10.30. ஒரு பலா மரத்தில் கடதாசி மட்டை ஒன்றை ஆணியடித்துப் பட்டியல் எழுதினார்கள். முப்பத்தெட்டாவது நான். எனக்குப் பின்னால் ஒருவர் வந்தார். இன்னும் இருவர் கயிறு அவிழ்த்த பிறகு வந்து, பெயரில்லாமல் புல்லில் கிடந்தார்கள். அவர்களுக்காக வருத்தப்பட நேரமிருக்கவில்லை. என் பெயரையே மூன்று முறை வாசித்தேன்.

11.15. திரும்பும் வழியில் அதே சாவடி. போட்டி முடிந்துவிட்டது, வானை நிறுத்தினார்கள். இறங்கினோம். பொலித்தீனைக் கிழித்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதே இளைஞன். அட்டையை முன்னும் பின்னும் பார்த்தான், பிறந்த இடத்தில் அவன் கண் நின்றது, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். உள்ளே போய்ப் புத்தகத்தில் பெயரை எழுதிக்கொண்டு வந்தான். செல்வத்தின் அட்டையையும் எழுதினான். காலையில் சிரித்தவன் இப்போது சிரிக்கவில்லை.

அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, தாழ்ந்த குரலில் சிங்களத்தில் சொன்னான்: "இரண்டாவது தடவை நீங்கள் இறங்கவில்லை."

குற்றம் சொன்னானா, பாராட்டினானா என்று அவன் முகத்தில் எழுதியிருக்கவில்லை. கை பாதி உயர்ந்தது எதற்கென்று கேட்க நினைத்தபடியே அட்டையை வாங்கிக்கொண்டேன்.

"ஓம்," என்றேன் தமிழில். "இறங்கேல்ல."

அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். வழி விட்டான்.

காலையில் இறங்கி வந்த சரிவில் வான் இரண்டாம் கியரில் முனகி ஏறியது. எங்கள் ஊரில் மேடே கிடையாது. பருத்தித்துறையிலிருந்து நெல்லியடிவரை சைக்கிளில் போனால் கால் களைக்காது. களைப்பதெல்லாம் நடுவில் சாவடிக்குச் சாவடி இறங்கி இறங்கி ஏறுவதில்தான். அங்கே போகிற நாள் வரும்போது என்ன சொல்வேன் என்று யோசித்தேன். நீந்தியதை நம்புவார்கள். சாவடியைச் சைக்கிளிலிருந்து இறங்காமல் கடந்தேன் என்றால், கண்டிக்குப் போய்ப் பொய் சொல்லப் பழகிவிட்டேன் என்றுதான் சொல்வார்கள்.